உள்பக்கத் தாழ்ப்பாள்

வீட்டில் அடி தாங்காமல் வெளியேறி வந்த பெண்கள் தங்குகிற எங்கள் இல்லத்துக்கு உதவ வருகிறவர்கள் அரிசிச் சிப்பத்தோடு வருவார்கள், இல்லையென்றால் துணி மூட்டையோடு வருவார்கள். திருப்பூர்ப் பக்கம் என்பதால் துணிக்குப் பஞ்சமே வந்ததில்லை. ஏற்றுமதியில் கழித்த சரக்கு ஆட்டோவில் வந்து இறங்கும். பெயர் கூட வாசிக்கத் தெரியாத ஏதோ ஒரு வெளிநாட்டுக் கால்பந்து கிளப்பின் பனியனைப் போட்டுக்கொண்டு எங்கள் பெண்கள் வாசல் கூட்டுவார்கள். பிறந்தநாளுக்குக் கேக்கோடு வந்து, எல்லோரையும் நிற்க வைத்துப் போட்டோ எடுக்க ஆசைப்படுகிறவர்களைத் தடுப்பதுதான் கஷ்டம். முகமோ முகவரியோ வெளியே போகக்கூடாது என்றால், பணம் கொடுத்தவருக்குக் கொஞ்சம் முகம் வாடும். மற்றபடி கொடுக்கிற மனசுக்கு இந்த ஊரில் குறைவில்லை. கேட்டால் தரத் தயங்குவது ஒன்றைத்தான்: வாடகைக்கு ஒரு வீடு.

பனியன் கம்பெனியில் வெல்பேர் ஆபீசராக இருந்துவிட்டு இந்த அறக்கட்டளைக்கு வந்தவள் நான். கம்பெனியில் யாராவது கன்னம் வீங்கி வேலைக்கு வந்தால் "பாத்ரூம்ல வழுக்கிருச்சுங்க மேடம்" என்பார்கள். வழுக்கி விழுகிறவர்களுக்காகவே ஒரு வீடு நடத்துகிறோம் என்று இங்கே நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். கசப்பான வேடிக்கைதான். இந்த வேலையில் அதுவும் தேவைப்படுகிறது.

பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் செய்து வருகிறவர்கள் உண்டு. மகளிர் காவல் நிலையத்திலிருந்து கூட்டிவந்து விடுவதும் உண்டு. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கென்று அரசு நடத்தும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தற்காலிகமாக 5 நாள் வரை தங்கலாம் என்பது விதி. அந்த ஐந்தாம் நாள் சாயங்காலம் எங்கள் போன் அடிக்கும். மாற்றுத் துணிகூட இல்லாமல் வருகிறவர்கள்தான் அதிகம். ஆனால் பிள்ளையின் பள்ளிக்கூடப் பையை மறந்துவிட்டு வந்தவர்கள் குறைவு.

புதிதாக வந்தவர்கள் அறைக்குள் போனதும் திரும்பிக் கதவைப் பார்ப்பார்கள். சிலர் வாய்விட்டே கேட்பார்கள்: "உள்ள தாப்பா இருக்குதுங்களா?" முதலில் இருக்கவில்லை. தன்னையே ஏதாவது செய்துகொள்ள முயன்று பிழைத்தவர்களும் வருகிற இடம், உள்ளே பூட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பது மனநல ஆலோசகரின் கவலை. அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் கதவு எப்போது உதைபடும் என்று வருஷக்கணக்கில் படுத்துக் கிடந்தவளிடம், இங்கேயும் தாழ்ப்பாள் கிடையாது என்று எப்படிச் சொல்வது? அதையும் சொல்லிவிட்டு, தூக்கம் வரவில்லை என்கிறாள் என்று கோப்பில் எழுதிக்கொண்டிருந்தோம்.

கடைசியில் கோவை டவுன்ஹால் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடைக்காரர்தான் வழி சொன்னார். உள்ளிருந்து போடுகிற தாழ்ப்பாள், வெளிப்பக்கம் ஒரு சின்னக் கீறல். அவசரத்துக்கு அதில் காசை வைத்துத் திருப்பினால் திறந்துகொள்ளும். எல்லா அறைக்கும் அதையே மாட்டினோம். ஒரு பெண் வெளியே வந்து, கீறலைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்.

"காசு யாருகிட்ட இருக்குமுங்க்கா?"

"ராத்திரி வார்டன் அக்காகிட்ட மட்டும்."

"அவங்க தட்டிப்போட்டுத்தானுங்களே திருப்புவாங்க?"

அதுவரை அப்படி ஒரு விதி எங்களிடம் இல்லை. மறுநாளே எழுதி ஒட்டினோம்: தட்ட வேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், பதில் வராவிட்டால்தான் காசு. இல்லத்தின் சுவரில் உள்ள விதிகளில் உருப்படியானவை பலவும் இப்படித் தங்கினவர்கள் கேட்ட கேள்வியிலிருந்து வந்தவை. உரிமம், பதிவேடு, கேமரா என்று 2014-ஆம் ஆண்டு விடுதிகள் சட்டத்துக்காக நாங்கள் செய்தவை வேறு கணக்கு. அவையும் வேண்டும்தான்.

என் அபிப்பிராயம் இதுதான்: இடம் முதலில், தேறுவது அப்புறம். பல இடங்களில் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். பல்லடம் பக்கம் தறிக்குடோனில் நூல் தார் சுற்றிக்கொண்டிருந்த ஒரு அக்கா எங்களிடம் வந்தார். அவருக்குக் குடிப் பழக்கம். குடிகாரக் கணவனிடமிருந்து தப்பி வந்தவளென்றால் ஊர் முழுக்க அனுதாபம் கிடைக்கும். அவளே குடித்தால் கேட் திறக்காது. வேறு இரண்டு இடங்களில் "குடியை நிறுத்திட்டு வாங்க" என்று அனுப்பியிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கொண்டு எப்படி நிறுத்துவது? நாள்பட்டுக் குடித்தவர்கள் திடீரென்று நிறுத்துவதே ஆபத்து. சில மணி நேரத்தில் கை நடுங்க ஆரம்பிக்கும், சிலருக்கு வலிப்பு வரும், இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி உயிருக்கே வினையாகலாம். அதனால் முதலில் அரசு மருத்துவமனை, அங்கிருந்து நேரே எங்கள் இல்லம் என்று ஏற்பாடு செய்தோம். ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருக்கும்போதே, "உங்களுக்கு ரூம் இருக்குது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் வந்தார், தேறினார், மறுபடி ஒரு சம்பளச் சனிக்கிழமை குடித்துவிட்டு வந்து நின்றார். இங்கேதான் சிக்கல். மற்ற பெண்கள் கொதித்துவிட்டார்கள். "இந்த வாடையப் பார்க்கக் கூடாதுன்னுதானுங்க புள்ளையத் தூக்கிட்டு வந்தோம்" என்று ஒருவர் கத்தினார். அவர் மகன் படிக்கட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். அந்தக் கோபம் முழுக்க நியாயம். அந்த அக்காவை வெளியே அனுப்பாததும் நியாயம். இரண்டையும் சேர்த்து வைக்க எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி, பின்கட்டில் தனி வாசலோடு ஒரு அறை. குடித்துவிட்டு வந்தால் அந்த வாசல் வழியாக வரலாம், கூடத்துக்கு வரக்கூடாது. ஊக்கம் கொடுக்கிறீர்கள் என்று ஒரு டிரஸ்டி கோபித்துக்கொண்டார். அந்த அறை தேவைப்படும் சனிக்கிழமைகள் வரவரக் குறைந்தன. முழுக்க நின்றுவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான்.

சட்டம் பேசாமல் இந்த வேலையில் ஒரு நாள் போகாது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டு சட்டத்தின் 17-வது பிரிவை எத்தனையோ பேருக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்க மனைவிக்கு உரிமை உண்டு. 19-வது பிரிவில் மாஜிஸ்திரேட் கணவனை வெளியேறச் சொல்லலாம், இல்லாவிட்டால் அதே வசதியில் வேறு வீடு பார்த்துக் கொடுக்கவோ வாடகை கட்டவோ உத்தரவிடலாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்கு இலவச வக்கீல் உண்டு. மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. முயல்கிறார்கள். அதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும், கையிலிருந்த மோதிரம் அடகுக் கடைக்குப் போய்விடும்.

காகித வேலை இன்னொரு மலை. பெரும்பாலான பெண்களின் ஆதாரில் இருப்பது கணவனின் போன் நம்பர். வங்கியில் ஏதாவது செய்யப் போனால் ஓடிபி அவனுக்குப் போகும். எங்கே இருக்கிறாள் என்று தேடிக்கொண்டிருப்பவன் கைக்கு நாமே தகவல் அனுப்பின மாதிரி. அதனால் யார் வந்தாலும் முதல் வாரத்திலேயே ஆதார் மையத்துக்குக் கூட்டிப்போய் நம்பரை மாற்றிவிடுகிறோம். அதற்கு ரேகை போதும், வேறு காகிதம் வேண்டாம். அடுத்தது ரேஷன் கார்டு. அவன் குடும்பக் கார்டிலிருந்து பெயரை நீக்கினால்தான் இவளுக்குத் தனிக் கார்டு. கார்டு இல்லாவிட்டால் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய்க்கு மனுப்போடக்கூட முடியாது. தனிக் கார்டுக்கு முகவரி வேண்டும். முகவரிக்கு வீடு வேண்டும். எந்தப் பக்கம் சுற்றினாலும் வந்து நிற்கிற இடம் அதுதான்.

வேலை கிடைப்பதில் இங்கே பெரிய சிரமமில்லை. செக்கிங், பிசிர் வெட்டுவது, மடிப்பது என்று கம்பெனிகளில் ஆள் தேவை எப்போதும் இருக்கும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் கிடையாது. ஷிப்டுக்கு இவ்வளவு என்று சனிக்கிழமை கையில் காசு வந்ததும் ஆறேழு மாதத்தில் பெண் நிமிர்ந்துவிடுகிறாள். அப்புறம்தான் வீடு தேடப் போவோம். ஒரே சுற்றுக்குள் வரிசையாகக் கட்டின லைன் வீடுகளில் கதவுக்குக் கதவு கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு வளவில் நடந்த பேச்சு இது. அந்த அம்மா திண்ணையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை பேரு அம்மணி?"

"ரெண்டே பேருங்க. அவங்களும் பையனும்."

"ஊட்டுக்காரரு?"

"இல்லைங்க."

"தவறிட்டாருங்களா?"

"இல்லைங்க, பிரிஞ்சிருக்காங்க."

உரிப்பதை நிறுத்திவிட்டார். "தவறிட்டாருன்னாக்கூடப் பரவால்ல கண்ணு. பிரிஞ்சிருந்தா வம்பு. அவன் ஒருநா குடிச்சுப்போட்டு வந்து வாசல்ல நிப்பான், நாலு பேரு வேடிக்கை பார்ப்பாங்க."

அவர் கெட்டவரில்லை. போகும்போது ஒரு கூடை முருங்கைக்காயைப் பையில் திணித்து அனுப்பினார். அதே வளவில் ஒரு அறைக்கு எட்டுப் பத்து வடநாட்டுப் பையன்களை வைத்து வாடகை வாங்குகிறவரும் அவர்தான். கணவன் இருக்கிறவளுக்கு வீடு உண்டு, கணவன் செத்தவளுக்கும் யோசித்துக் கொடுப்பார்கள், விட்டு வந்தவளுக்குத்தான் இல்லை. இந்தக் கணக்கு எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை.

திரும்பத் திரும்ப இதே பதிலைக் கேட்டு அலுத்துத்தான், வீட்டை அறக்கட்டளை பெயரிலேயே வாடகைக்கு எடுக்கலாம் என்று பேச ஆரம்பித்தோம். புது யோசனை ஒன்றுமில்லை. சென்னையில் 1993-இல் தொடங்கின தி பான்யன், மனநோயிலிருந்து தேறிய பெண்களை விடுதியிலேயே வைத்திருக்காமல், சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு பிடித்து நாலைந்து பேராகக் குடிவைத்து வருகிறது. அவர்களால் முடிகிறதென்றால், கம்பெனிக்குப் போய்ச் சம்பாதிக்கிற எங்கள் பெண்களுக்கு ஏன் முடியாது? ஆடிட்டர் தலையைச் சொறிந்தார். "வாடகை நின்னா யாரு பொறுப்பு?" என்று டிரஸ்டிகள் கேட்டார்கள். மில் நடத்துகிறவர்கள், அவர்கள் அப்படித்தான் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். அட்வான்ஸும் பதினோரு மாத ஒப்பந்தமும் எங்கள் பெயரில். வாடகை அந்தப் பெண் சனிக்கிழமைதோறும் எங்களிடம் கட்ட வேண்டும். ஒப்பந்தம் முடிந்ததும் அவள் பெயருக்கே மாற்றித் தர வேண்டும் என்று ஒரு வழியாக ஒத்துக்கொண்டார்கள்.

வெங்காயம் உரித்த அம்மாவிடம் மறுபடி போய், வாடகைக்கு நாங்கள் பொறுப்பு, ஆள் வந்து கத்தினால் போலீஸுக்குப் போன் செய்வதும் எங்கள் பொறுப்பு என்று சொல்லித்தான் முதல் வாடகை வீட்டைப் பிடித்தோம். அங்கே குடிபோன பெண்ணின் கணவன் ஒருமுறை வரவும் செய்தான். அவனை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தி அனுப்பியது நாங்களில்லை, அந்த அம்மாதான். விளக்குமாற்றோடு நின்றதாகப் பையன் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்.

போன மாதம் அவரே கூப்பிட்டார். "அம்மணி, கடைசி ஊடு காலியாகுது. உங்க ஆளுக இருந்தா அனுப்பு. மாசமானா வாடகை பேசாம வந்துருது, தொந்தரவில்ல. ஐநூறு மட்டும் சேர்த்துக் குடுத்துரு."

ஐநூறு அதிகம். இருநூறுக்குப் பேசிக்கொண்டிருக்கிறோம்.