டிரா என்று முடிந்த ஐந்தாம் நாள்

காரைக்குடி, 26 ஜூலை 2025, சனி

மான்செஸ்டர் டெஸ்ட், நான்காம் நாள். இங்கிலாந்து 669. இந்தியாவாகிய நாம் 311 ரன் பின்தங்கி இரண்டாம் இன்னிங்ஸுக்கு இறங்கினோம். முதல் ஓவரிலேயே ஜெய்ஸ்வால், சாய் சுதர்சன் இருவரும் வோக்ஸின் அடுத்தடுத்த பந்துகளில் அவுட். ரன் கணக்கைத் தொடங்கும் முன்பே 2 விக்கெட். ஆட்டம் முடிகையில் 174/2; ராகுல் 87, கில் 78.

"இனி எங்கே ஜெயிக்க?" என்று செக்காலை டீக்கடையில் பேச்சு அடங்கிவிட்டது. இனிமேல்தான் பார்க்க வேண்டும். நாளை முழுதாக ஒரு நாள் கிடக்கிறது. ஆனால் நம் விக்கெட் கீப்பர் ரிஷப் பந்த்துக்குக் காலில் எலும்பு முறிவு.

27 ஜூலை, ஞாயிறு, இரவு

ராகுல் 90, கில் 103. மதிய உணவுக்குச் சற்று முன் கில் போனதும் 222/4. அடுத்து வந்த ஜடேஜா, ஆர்ச்சரின் முதல் பந்திலேயே ஸ்லிப்பில் ரூட்டிடம் கேட்ச் கொடுத்தார், ரூட் விட்டார். அது பிடிபட்டிருந்தால் 222/5, ரன் கடனும் தீராத நிலை.

அதன்பின் விக்கெட்டே விழவில்லை. காரணம் இரண்டு. பந்து பழசாகி மெத்தென்று ஆனது. இடக்கை ஆட்டக்காரர்களான ஜடேஜா, நம்ம வாஷிங்டன் சுந்தர் இருவருமே சுழற்பந்து வீச்சாளர் டாசனின் பந்தை, பந்துவீசுபவர்களின் கால் பட்டு விழுந்த குழிகளில் குத்தவிட்டு, திரும்பியபின் உடலுக்கு அருகில் ஆடினார்கள். சுந்தரை ஐந்தாம் இடத்துக்கு ஏற்றியது நல்ல முடிவு.

கடைசி ஒரு மணி நேரத்துக்கு 15 ஓவர். இங்கிலாந்து கேப்டன் ஸ்டோக்ஸ், டிரா என்று முடிக்கக் கைகுலுக்க வந்தபோது ஜடேஜா 89, சுந்தர் 80. இரு தரப்பும் ஒப்பினால்தான் முன்கூட்டி முடிக்கலாம், இவர்கள் ஒப்பவில்லை. நியாயமே. நாளெல்லாம் தடுத்தவர்களுக்குச் சதம் உரியது. ஆனால் ப்ரூக் சும்மா உருட்டிய அந்த ஓவர்களில் ஆட்டம் இல்லை. விறுவிறுப்பு தேநீருக்கு முன்பே தீர்ந்துவிட்டது. 425/4, 143 ஓவர்.

28 ஜூலை, திங்கள்

சலிப்பான டிரா எது என்றால் 1997 கொழும்பு: இலங்கை 952/6. பிட்ச் செத்துக் கிடந்தது, தோற்கும் பயம் எந்தப் பக்கமும் இல்லை. பயம் இல்லாத டிரா வெறும் கணக்கு.

இங்கே செம்மண்ணில் மேட் விரித்து ஆடும் பையன்களுக்கு: மேட்டை இழுத்து நான்கு பக்கமும் முளை அடியுங்கள், தளர்ந்தால் பந்து ஒரே மாதிரி எழும்பாது. பழைய பந்தில் ஒருவருக்கு 60 பந்து, ரன் கிடையாது, ஷார்ட் லெக்கில் (மட்டையாளருக்கு மிக அருகே, கால் பக்கம்) ஆள். கீழ்க்கைப் பிடி தளர்வாக இருக்கட்டும். பையன்கள் அவுட் ஆவது பெரும்பாலும் கையை முன்னால் நீட்டிப் பந்தைத் தேடிப் போவதால்தான். பந்து மட்டைக்கு வரட்டும்.

4 ஆகஸ்ட், திங்கள்

ஓவலில் நடந்த கடைசி டெஸ்டில் 6 ரன்னில் ஜெயித்தோம். தொடர் 2-2. ஜடேஜா கொடுத்த கேட்சை ரூட் பிடித்து மான்செஸ்டர் ஆட்டம் நம் கைவிட்டுப் போயிருந்தால், இன்றைய வெற்றிக்குப் பின்னும் 3-2 என்று தொடர் இங்கிலாந்துடையது.