தாழ் அடையேன்: ஒரு லெந்துகால நாட்குறிப்பு

மார்ச் 5, 2025, புதன்

சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்தின லெந்து என்கிற உபவாசகாலத்தின் முதல் நாள். ஆராதனை முடிந்து வந்ததும் பெரியவள் காலண்டரோடு உட்கார்ந்துவிட்டாள். ஆறாம் வகுப்பு. எதையும் எண்ணிப் பார்க்காமல் ஒத்துக்கொள்ளமாட்டாள். இன்றிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை 46 வருகிறதே, நாற்பது நாள் என்று எப்படிச் சொல்கிறார்கள் என்றாள். ஆறு ஞாயிற்றுக்கிழமைகளைக் கழிக்கணும், ஞாயிறு உயிர்த்தெழுதலின் நாள், உபவாசக் கணக்கில் சேராது என்றேன். ஒன்றாம் வகுப்பு படிக்கிற சின்னவனுக்கு உடனே முகம் மலர்ந்தது. "அப்ப ஞாயித்துக்கிழமை பிரியாணி உண்டா?"

"எங்க காலத்துல நாப்பத்தாறு நாளும் கவிச்சி கிடையாது" என்று அம்மா அடுக்களையிலிருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். நானும் தலையாட்டினேன். அவள் பேசாமல் இருந்திருந்தால் பையன் பக்கம்தான் சாய்ந்திருப்பேன்.

மனைவி நர்ஸ். இந்த மாதம் முழுக்க இரவு டூட்டி. அதனால் குடும்ப ஜெபம் என் பொறுப்பு. என் அப்பா நடத்தும் ஜெபத்தில் ஒரு முழு அதிகாரம், ஒரு ஞானப்பாட்டு, அப்புறம் சொந்தக்காரர் அத்தனை பேரையும் பேர் சொல்லி ஒரு நீண்ட விண்ணப்பம். நாங்கள் முழங்காலில் நின்றபடியே தூங்குவோம், ஆமென் சத்தத்தில்தான் முழிப்பு வரும். பத்து நிமிஷத்தைத் தாண்டக்கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டிருக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

நேற்று ஓய்வுநாள் பள்ளியில் பைபிளின் 23ஆம் சங்கீதம் மனப்பாடம். சின்னவன் மூச்சுவிடாமல் ஒப்பித்து ஒரு பென்சில் வாங்கிவந்தான்.

இரவு பதினொரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். வாசல் கதவு சும்மா சாத்தியிருக்கிறது. கீழ்த் தாழ்ப்பாள் போடுவது சின்னவன் வேலை, அவன் கைக்கு எட்டுவது அதுதான். மறந்திருப்பான் என்று நானே போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் கேட்டால், மறக்கவில்லையாம்.

"கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்னு இருக்குல்லா? அவரு பாத்துக்கிடுவாரு. தாழ் அடைக்க வேண்டாம்."

எங்கள் ஊரில் கதவைச் சாத்துவதை அடைப்பது என்றுதான் சொல்வோம். பையன் தமிழில் ஒரு பிழையும் இல்லை! தாழ்ச்சி என்றால் குறைவு, எனக்கு ஒன்றும் குறைபடாது என்று அர்த்தம் என விளக்கினேன். அது 1871-இல் வந்த பைபிள் மொழிபெயர்ப்பின் தமிழ். முப்பது வருஷமாக நானும் அர்த்தம் யோசிக்காமல் ஒப்பித்த வரிதான். ஆனால் அதை நம்பி ஒரு நாளும் கதவைத் திறந்து போட்டதில்லை.

இன்று இரவு தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது. அவனுக்குத் திருப்தி இல்லை.

மார்ச் 14, வெள்ளி

பக்கத்து வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி. இந்த வருஷம் ரம்சான் நோன்பும் லெந்தும் ஒரே வாரத்தில் தொடங்கிவிட்டன. நாங்கள் கறி சாப்பிடமாட்டோம் என்று ஞாபகம் வைத்து, கறி சேர்க்கும் முன்பே எங்களுக்கென்று ஒரு தூக்குவாளியில் எடுத்து வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அதில் பெரிய சந்தோஷம்.

கஞ்சியைக் குடித்துக்கொண்டே பெரியவள் கேட்டாள். அந்த வீட்டுப் பெண் அவள் வகுப்புதான். "அவ பகல்ல தண்ணி கூட குடிக்கல. நம்ம கறி மட்டுந்தானப்பா விட்டிருக்கோம்?" அதுவும் வாரத்துக்கு ஒரு நாள் எடுக்கிற கறி. யார் உபவாசம் பெரிது என்று அளக்கக்கூடாது என்று ஏதோ சொன்னேன். அவள் அளக்கவில்லை, வெறுமனே கேட்டாள் என்பது பிறகுதான் உறைத்தது.

இனிமேல் யூடியூப் பார்க்கமாட்டேன் என்று அவளாகவே அறிவித்தாள். (18ஆம் தேதி எழுதுவது: நாலு நாள் தாங்கியது.)

மார்ச் 22, சனி

சாயங்காலம் இரண்டு பேரையும் நடத்திக் கூட்டிக்கொண்டு எங்கள் பாளையங்கோட்டையின் பழைய சர்ச்சான கிளாரிந்தா கோயில் வரை போனேன். அம்மாவுக்கு அது இன்றைக்கும் பாப்பாத்தியம்மாள் கோயில்தான். வழி நெடுக அந்த அம்மாள் கதை. மராட்டிய பிராமண விதவை. உடன்கட்டை ஏற இருந்தவரை லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி காப்பாற்றினார் என்று சொல்வார்கள். 1778-இல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம், 1785-இல் இந்தக் கோயில். எங்கள் பேராலயமான ஊசிக்கோபுரத்துக்கே 1826-இல்தான் பிரதிஷ்டை, அதைவிட இது நாற்பது வருஷம் மூத்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

சுவார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் தர மறுத்தார் என்று வாய்விட்டுவிட்டேன். ஏன் என்றாள் பெரியவள். மழுப்பலாம் என்று ஒரு நொடி தோன்றியது. அந்த அதிகாரியோடு கல்யாணம் ஆகாமல் வாழ்ந்தார், அதனால் என்றேன். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தாள்.

"அந்த அதிகாரிய யாரும் ஒண்ணும் சொல்லலியா?"

ஓய்வுநாள் பள்ளியில் பத்து வருஷம் பாடம் எடுத்திருக்கிறேன். இந்தக் கேள்வி ஒரு தடவைகூட எனக்கு வந்ததில்லை.

மார்ச் 27, வியாழன்

எழுதவே கூச்சமாக இருக்கிறது.

சாயங்காலம் சீட்டுக்காரர் போன் பண்ணினார். இந்த மாதப் பணம் இன்னும் கொடுக்கவில்லை. நாகர்கோவிலில் இருக்கிறேன், வந்து பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். வீட்டு முற்றத்தில், கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு.

இரவு ஜெபத்தில் சின்னவன் முறை. "இயேசப்பா, எங்க அப்பா நாகர்கோவில்ல இருக்கேன்னு பொய் சொன்னாவ. அவங்கள மன்னிச்சிருங்க. சீட்டு மாமாவுக்கு ரூவா கிடைக்கணும். ஆமென்." பெரியவள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா மட்டும் வழக்கத்தைவிடச் சத்தமாக ஆமென் போட்டாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். போட்டுக்கொடுக்கவா ஜெபம் என்று கேட்கப் பார்த்தேன். போன வாரம்தான் அவனிடம், ஜெபத்தில் நீங்க, வாங்க என்று பேசக்கூடாது, நீர், உம்முடைய என்று சொல்லணும் என்று பாடம் எடுத்திருந்தேன். "விடுல, அவன் பேச்சுல பேசட்டும்" என்று அம்மா அன்றைக்கே தடுத்தாள். அவன் பேச்சில் பேசினதால்தான் இன்று ஒரு வார்த்தை மிச்சமில்லாமல் எனக்குப் புரிந்தது.

பிள்ளைகள் எதிரிலேயே சீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். வீட்டில்தான் இருந்தேன், பணம் புரளவில்லை, ஒன்றாம் தேதி தருகிறேன் என்றேன். அந்த மனிதர் சிரித்தார். "தெரியும் சார். நீங்க பேசும்போதே ஊசிக்கோபுரத்து மணி கேட்டுச்சு."

சின்னவன் அதற்குள் தூங்கிவிட்டான்.

ஏப்ரல் 9, புதன்

பெரியவளுக்குப் பரீட்சை. மூன்று நாளாக வீட்டில் ஜெபம் இல்லை. கேட்டது அம்மா ஒருத்திதான்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பவனியில் சின்னவன் ஓலையை வாள் மாதிரி சுழற்றி முன்னால் போன ஐயாவின் கண்ணாடியைத் தட்டிவிட்டான். போகட்டும்.

அம்மா இன்று கைப்பிடி அரிசியைக் காணிக்கையாகக் கோயிலுக்குக் கொண்டுவந்தாள். தினமும் உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து இதைச் செய்கிறாள், ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பாட்டில் நிறைந்தால் பைக்கு மாற்றுவாள். பையைப் பிடித்துக்கொண்டு வந்த பெரியவள் சொல்லித்தான் எனக்கே தெரியும்: அம்மா காய்ச்சலாகக் கிடந்த இரண்டு நாளும் பாட்டிலில் அரிசி போட்டது அவள்தானாம். யாரும் சொல்லவில்லை. "பாட்டி கை பெருசு, அதான் நான் ரெண்டு பிடி போட்டேன்" என்றாள்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

பன்னிரண்டிலிருந்து மூன்று வரை ஆராதனை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகள் பற்றி. மூன்றாவது வார்த்தை வரைக்கும் சின்னவன் விசிறியை எண்ணினான், அப்புறம் என் செருப்பை. நாலாவதில் திடீரென்று காது கொடுத்தான் போல. வீட்டில் கஞ்சியும் காணத் துவையலும் சாப்பிடும்போது கேட்டான்.

"ஏன் என்னைக் கைவிட்டீர்னு இயேசப்பா அவங்க அப்பாட்ட கேட்டாவல்லா? அப்பா என்ன சொன்னாவ?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கப் போனேன். 22ஆம் சங்கீதம், முன்னுரைத்தல் என்று கைவசம் நிறைய இருந்தது. மனைவி முந்திக்கொண்டாள்.

"அப்ப ஒண்ணும் சொல்லல, ஐயா."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

அவன் கொஞ்ச நேரம் கஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வேறெதுவும் சேர்க்கவில்லை. வார்டில் எத்தனை இரவு இப்படி உட்கார்ந்திருக்கிறாளோ.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

விடியற்காலை நாலு மணி ஆராதனை. கிறிஸ்து உயிர்த்தெழுந்தார், மெய்யாகவே உயிர்த்தெழுந்தார் என்று கோயிலே அதிர்ந்தபோதும் சின்னவன் என் தோளில் எச்சில் வடித்துக்கொண்டிருந்தான். எழுப்ப மனசு வரவில்லை.

மத்தியானம் பிரியாணி. முதல் கரண்டி அந்தத் தூக்குவாளியில் பக்கத்து வீட்டுக்குப் போனது. இரண்டு பேரும் சேர்ந்து தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பிவர முக்கால் மணி நேரம், வாயெல்லாம் இனிப்பு.

இரவு சின்னவன் கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து நின்றான். "லெந்து முடிஞ்சிட்டுல்லாப்பா, இன்னைக்கும் ஜெபம் உண்டா?"

உண்டு என்றேன்.

"சரி. ஆனா சீக்கிரம் முடிக்கணும்" என்று பாயை விரித்தான்.