மணிக்கு லைசென்ஸ் வாங்கிய கதை

பாலக்காடு மாவட்டத்தின் தமிழக எல்லையோரத்தில், வீடற்றவர்களுக்கு வீடு தரும் கேரள அரசின் லைஃப் திட்டத்தில் எங்களுக்கு அடுக்குமாடி வீடு கிடைத்தது. குடிபுகுந்த பத்தாம் நாள் குடியிருப்போர் கமிட்டியிலிருந்து இருவர் வந்து, ஃப்ளாட்டில் நாய் கூடாது, ஒரு வாரத்துக்குள் எங்கள் நாய் மணியை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்றார்கள். எங்காவது என்றால் எங்கே? வளர்த்த நாயை நிர்க்கதியாகக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். தெருநாய்க்கடிக்குப் பயந்துகொண்டே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற ஊரில், ஒன்பது வருடம் வீட்டில் வளர்ந்த நாயையும் தெருவுக்குத் துரத்தச் சொன்னது இன்றும் மனதில் உறுத்துகிறது.

விதியை எழுத்தில் கேட்டேன், தரவில்லை. ஒதுக்கீட்டு ஆணையிலும் அப்படி ஒரு வரி இல்லை. பெரும்பான்மைத் தீர்மானம் போட்டாலும் குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்பு விலங்குகளைத் தடை செய்யலாகாது என்னும் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதலை அச்செடுத்துக் கொடுத்த பிறகு, "அப்படியானால் லைசென்ஸைக் காட்டுங்கள்" என்றார்கள். அது நியாயமான கேள்வி. 1998-ஆம் ஆண்டு விதிகளின்படி கேரளப் பஞ்சாயத்துகளில் நாய் வளர்க்க லைசென்ஸ் வேண்டும், நான் வாங்கியிருக்கவில்லை.

மிருக ஆஸ்பத்திரியில் வெறிநோய்த் தடுப்பூசி பத்து நிமிடத்தில் முடிந்தது. அலைச்சல் பஞ்சாயத்து அலுவலகத்தில்தான். ஊசிச் சான்றிதழில் பழைய லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) முகவரி இருக்கிறதென்று முதல் நாள் திருப்பி அனுப்பினார்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடினால் டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார், ஒரு நாள் கூலி வீணாயிற்று. ஆகவே ஊசி போடும்போதே புது முகவரி, கதவு எண், நாயின் நிறம், வயது எல்லாவற்றையும் சொல்லி எழுதி வாங்கிவிடுங்கள். இரண்டாம் முறை, ஃப்ளாட் என்பதால் கமிட்டியின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார் குமாஸ்தா. கமிட்டியோ லைசென்ஸ் இல்லாமல் கடிதம் தராது. "எந்த விதியில் இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள், சார்" என்று கேட்டு அங்கேயே நின்றேன். அவர் உள்ளே போய் செக்ரட்டரியிடம் பேசிவிட்டு வந்து, மறுபேச்சின்றி மனுவை வாங்கிக்கொண்டார். மூன்றாம் நடையில் லைசென்ஸ் கைக்கு வந்தது.

கமிட்டியின் பயத்தையும் நான் குறை சொல்லமாட்டேன். மாடிப்படியில் அசிங்கம் செய்யும் நாயை யாருக்குப் பிடிக்கும்? வெளியே வந்தால் கயிறு, அசிங்கம் செய்தால் வளர்ப்பவரே துடைப்பது, ஆண்டுதோறும் ஊசிச் சான்றின் நகல் என்று மூன்று நிபந்தனைகளை நானே எழுதிக் கொடுத்தேன். அவற்றைக் கமிட்டிப் பதிவேட்டில் ஏற்றியிருக்கிறார்கள். சாவி கொடுக்கும் அன்றே இந்த மூன்றுக்கும் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தால் எனக்கு இந்த அலைச்சல் இல்லை. நாயை ஒளித்து வளர்த்துவந்த மேல்மாடி அக்கா நேற்று வந்து ஊசி போடும் நேரத்தை விசாரித்தார். சனிக்கிழமை காலை அவருடன் நானும் போகிறேன்.