பாட்டியோட 6 கேசட்: இதுவரைக்கும் 4 முடிஞ்சது

சித்தப்பா வெளிநாட்டுல வேலை பார்த்த வருஷங்கள்ல பாட்டி அவருக்கு கடுதாசி எழுத மாட்டாங்க, கண்ணு சரியா தெரியாது, அதனால கேசட்ல பேசி அனுப்புவாங்க, அதுல 6 கேசட்டை சித்தப்பா பத்திரமா வச்சிருந்து போன மாசம் என் கையில குடுத்தாரு, அதை ஒவ்வொண்ணா லேப்டாப்ல ஏத்திட்டு இருக்கேன். எல்லாமே சி-60, பக்கத்துக்கு 30 நிமிஷம். முதல் பாதி வீட்டு சேதி, அப்புறம் ஜெபம். பாட்டி தினமும் விடியக்காலைல எந்திரிச்சு குடும்பத்துல ஒருத்தர் விடாம பேர் சொல்லி ஜெபம் பண்ணுவாங்க, காய்ச்சல்ல படுத்திருந்தாலும் அது நிக்காது. அதே ஜெபத்தைத்தான் கேசட்லயும் பண்ணி அனுப்பியிருக்காங்க.

கையில வாங்கினதும் முதல் வேலையா கேசட் மேல் ஓரத்துல ரெண்டு பக்கமும் இருக்கற சின்ன பிளாஸ்டிக் பல்லை உடைச்சு விட்டேன். அது இல்லேன்னா ரெக்கார்ட் பட்டன் இறங்காது, தப்பித்தவறி கூட அழியாது. இதை மட்டும் யாரும் தள்ளிப் போடாதீங்க.

அப்புறம் பிளேயர்ல டேப்பைத் தொட்டு சத்தத்தைப் படிக்கற ஹெட், டேப்பை இழுக்கற உருளை எல்லாம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு பஞ்சு குச்சியால துடைச்சேன், குச்சி காப்பிப்பொடி கலர்ல வந்துச்சு. லேப்டாப்ல பதியறது ஆடாசிட்டிங்கற சாஃப்ட்வேர்ல, 24 பிட், 44,100 ஹெர்ட்ஸ், மோனோ. ஒரு பக்கத்துக்கு கிட்டத்தட்ட 240 எம்பி வருது. சுருக்காத வேவ் ஃபைலாவே வச்சிருக்கேன், எம்பி3 வாட்ஸ்அப்ல அனுப்ப மட்டும்.

முதல் கேசட் போட்டப்போ குரல் போர்வைக்குள்ள இருந்து பேசற மாதிரி இருந்துச்சு. டேப்தான் போச்சுன்னு நெனச்சு மனசே விட்டுப் போச்சு. ஆனா விஷயம் பிளேயர்ல, ஹெட் லேசா சாஞ்சிருக்கு. ஹெட் பக்கத்துல இருக்கற குட்டி ஸ்க்ரூவை, டேப் ஓடிட்டு இருக்கும்போதே, மயிரிழை மயிரிழையா திருப்பணும், "ச", "ஸ" எழுத்தெல்லாம் எந்த இடத்துல கூர்மையா கேக்குதோ அங்க நிறுத்தணும். பாட்டி "சாமி"ன்னு சொல்ற இடத்தையே திரும்பத் திரும்ப ஓட விட்டு திருப்பினேன், ஒரு இடத்துல டக்குனு திரை விலகின மாதிரி குரல் வந்துச்சு பாருங்க, கையை எடுத்துட்டு அப்படியே உக்காந்துட்டேன்.

இரைச்சலைக் குறைக்கறதுல முதல்ல தப்பு பண்ணேன். 24 டெசிபல் குறைச்சா குரல் தண்ணிக்குள்ள போயிடுச்சு, பாட்டி பேருக்குப் பேர் நடுவுல விடற மூச்சும் சேந்து போச்சு. இப்ப 8தான் வைக்கறேன், கொஞ்சம் இரைஞ்சாலும் பரவால்ல.

ரெண்டாவது கேசட்ல இன்னொண்ணு. பாட்டி பேச ஆரம்பிக்கறதுக்கு ரெண்டு நொடி முன்னாடியே அவங்க குரல் ரொம்ப மெல்லிசா கேக்குது. டேப் வருஷக்கணக்கா சுத்தியே கிடந்தா ஒரு சுத்துல இருக்கற காந்தப் பதிவு ஒட்டியிருக்கற அடுத்த சுத்துலயும் லேசா படிஞ்சிடுமாம், அதுதான் இது. நாலஞ்சு தடவை முன்னும் பின்னும் ஓட்டி எடுத்தா குறையுது. குறைச்சேன், ஆனா முதல் தடவை பதிஞ்சதையும் தனியா வச்சிருக்கேன்.

நாலையும் வரிசையா கேட்டதுல ஒரு விஷயம் பிடிபட்டுச்சு. பேர் வரிசை மாறவே மாறாது, வயசுப்படி பெரியப்பாவுல ஆரம்பிச்சு கடைசிப் பேத்தி வரைக்கும். பெரியப்பா சொத்துத் தகராறுல கோவிச்சுட்டுப் போனவரு, அதுக்கப்புறம் வீட்டுப் படி ஏறல, வீட்ல அவர் பேரை எடுத்தாலே தாத்தா எந்திரிச்சுப் போயிடுவாரு. அதுக்கு அப்புறம் அனுப்பின கேசட்லயும் முதல் பேர் அவர் பேர்தான். குரல்ல ஒரு கோவம், ஒரு குறை கிடையாது. மத்தவங்களுக்கு பண்ற மாதிரிதான், இன்னும் கொஞ்சம் நிதானமா. டேப் நடுவுல தீந்து போனா பாட்டி விட்ட இடத்துல தொடர மாட்டாங்க, அடுத்த பக்கத்துல அதே பேரை முதல்ல இருந்து சொல்லுவாங்க, யாருக்கும் பாதி ஜெபம் கிடையாது.

அஞ்சாவது கேசட்லதான் இப்ப நிக்குது. முதல் பக்கம் எப்படியோ எடுத்துட்டேன். அந்தப் பக்கம் பெரியப்பா பேரைச் சொல்லி "இவன் எங்க இருந்தாலும்"னு ஆரம்பிக்கறப்போ டக்குனு முடிஞ்சிடுது. திருப்பிப் போட்டா சத்தமே எழும்பல, பிரிச்சுப் பார்த்தா டேப்பை ஹெட்டோட அழுத்திப் பிடிக்கற குட்டிப் பஞ்சு கழண்டு உள்ள கிடக்குது. இதுக்கு அதே மாதிரி இன்னொரு கேசட்டைக் கழட்டி அந்தக் கூட்டுக்குள்ள பாட்டி டேப்பை மாத்தணும். கண்டிப்பா ஸ்க்ரூ வச்ச கூடா பாத்து எடுங்க, ஒட்டின கூடா இருந்தா நெம்பித்தான் திறக்கணும்.

எடுத்த அந்த ஒரு பக்கத்தை சித்தப்பாகிட்ட நம்பர் வாங்கி பெரியப்பாவுக்கு அனுப்பினேன். ரெண்டு நாள் பதில் இல்ல. நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு போன் வந்துச்சு, என் பேரைக் கேட்டு உறுதி பண்ணிக்கிட்டாரு, கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "அடுத்த பக்கம் இருக்காப்பா?"ன்னாரு.

இருக்கு பெரியப்பா, ஒரு வாரம் குடுங்கன்னு சொல்லியிருக்கேன். மாத்தறதுக்கு 5 ஸ்க்ரூ வச்ச காலி கேசட் ஒண்ணு கிடைச்சிடுச்சு. அதுல ரெண்டு தடவை கழட்டி மாட்டிப் பழகிட்டு நாளைக்கு ராத்திரி பாட்டியோடதைத் திறக்கறேன்.