கொட்டான் வாங்குமுன் கவிழ்த்துப் பாருங்கள்

காரைக்குடிப் பக்கம் எங்கள் மாதிரி வீட்டோடு நடத்தும் கடைக்குக் கொட்டான், அதாவது பனையோலைக் கூடை, வாங்க வருகிறவர்கள், "அரக்கு நிறம் இருக்கா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நிறத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் கொட்டானைக் கவிழ்த்து அடியைத் தடவிப் பார்த்துவிட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வார் என்கிற ஓலைப் பட்டைகளுக்கு நடுவே ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் பரவாயில்லை. அரிசி நுழையும் அளவு சந்து இருந்தால், ஓலையை ரொம்ப ஊறவைத்துப் பின்னியிருக்கிறார்கள்.

காய்ந்த பனையோலை மடக்கினால் முறியும். அதனால் நனைத்துத்தான் பின்ன வேண்டும். ஆனால் ஊறிய வார் உப்பிக்கொள்ளும். பின்னும்போது நெருக்கமாகத் தெரிவது, காய்ந்து சுருங்கியதும் கலகலத்துப் போகும். பத்து நிமிஷம் நனைத்து, ஈரத்துணியில் சுற்றிவைத்து, வேண்டிய வாரை மட்டும் உருவிக்கொள்வதே சரி. அடி தளர்ந்துவிட்டால் சுவரை எவ்வளவு இறுக்கினாலும் கொட்டான் ஒரு பக்கம் சாயும். அவிழ்த்துத் திரும்பப் பின்னுவதைத் தவிர வழியில்லை.

ஓலை குருத்தோலையாக இருக்க வேண்டும். முற்றிய ஓலை தடித்தது, மடிப்பில் வெடிக்கும், சாயமும் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, சாயம் கரைத்த கொதிநீரில் கட்டு தளர்வாகப் போடுவார்கள். இறுக்கிக் கட்டினால் நடுவில் வெள்ளை நிற்கும். பிறகு அலசி நிழலில் உலர்த்த வேண்டும். அலசல் போதாத கொட்டானை ஈரமான வெள்ளைத் துணி காட்டிக்கொடுத்துவிடும்: உள்ளே ஒரு தேய்ப்பு தேயுங்கள், போதும். சீர் வரிசைக்கும் பலகாரத்துக்கும் வாங்குகிறவர்கள் இதை விடவே கூடாது.

2013-இல் செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பிளாஸ்டிக் பட்டையில் பின்னியதும் இப்போது கொட்டான் என்றே விலைபோகிறது. காய்கறி வாங்கப் போக அதுதான் தோது. ஓலைக்குண்டான விலையை மட்டும் அதற்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் பூஞ்சை வரும். பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் நிச்சயம் வரும். காய்ந்த துணியால் துடைத்து, காலை வெயிலில் அரை மணி நேரம் வையுங்கள். உச்சி வெயிலில் சாயம் வெளுக்கும். நசுங்கிய கொட்டான் மீது தண்ணீர் தெளித்து, இளகியதும் உள்ளே பழைய துணியை அடைத்து நிழலில் விடுங்கள். மறுநாள் பழைய உருவம் வந்திருக்கும்.