உள்ளங்கையைப் பார்த்த டாக்டர்

ஆகஸ்ட் 29, 2022
நேற்று ராத்திரியிலிருந்து குட்டிக்கு லேசான காய்ச்சல். மதியம் சோறு ஊட்டினால் துப்பிவிட்டு அழுகிறான். மூன்று வயதுக்கு இவ்வளவு பிடிவாதமா என்று திட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 30
முட்டியிலும் பின்புறத்திலும் சிவப்புப் புள்ளிகள், சிலவற்றில் நீர் கோத்திருக்கிறது. மாமியார் பார்த்ததுமே "ஆத்தா வந்திருக்கா" என்று வாசலில் வேப்பிலை சொருகிவிட்டார். இனி வீட்டில் தாளிக்கக் கூடாது. எனக்கோ வேறு பயம். நாளை மறுநாள் நாத்தனார் வருகிறாள், ஆறு மாதம். அவளுக்கு அம்மை வந்ததும் இல்லை, தடுப்பூசி போட்டதும் இல்லை. கர்ப்பிணிக்குச் சின்னம்மை வந்தால் நிமோனியா வரை போகலாம்.

ஆகஸ்ட் 31
பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை என்றால் உயிரை விடுபவன் தொடவே இல்லை.

டாக்டர் முதலில் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார், அப்புறம் பாதம், அப்புறம் டார்ச் அடித்து வாய். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் புண். "அம்மை இல்லைம்மா, கை கால் வாய் நோய். மே மாசம் கொல்லம் பக்கம் தக்காளிக் காய்ச்சல்னு பேசினாங்களே, அந்த மாதிரிதான்."

சின்னம்மை என்றால் மார்பு, முதுகு, முகத்தில் அதிகமாக இருக்குமாம். நன்றாக அரிக்கும். புதுப் புள்ளி, கொப்புளம், பொருக்கு மூன்றையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். இவனுக்கு மார்பு சுத்தமாக இருக்கிறது, சொறியவும் இல்லை. சாப்பாட்டைத் துப்பியது எரிச்சலில். நான் திட்டியதுதான் உறுத்துகிறது.

பாராசிட்டமால், ஆறிய கஞ்சி, இளநீர். வேறு மருந்து இல்லை.

செப்டம்பர் 1
"அம்மை இல்லைன்னா வர்றேனே அண்ணி" என்றாள் நாத்தனார். வேண்டாம் என்றேன். இதுவும் ஒட்டிக்கொள்ளும். கொப்புளம் வற்றினாலும் மலத்தில் சில வாரம் கிருமி இருக்குமாம், கால் கழுவிவிட்டு சோப்புப் போட்டே தீர வேண்டும். வேப்பிலையை மாமியார் எடுக்கவில்லை. அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாட வருவதில்லை, அதனால் நானும் எடுக்கச் சொல்லவில்லை.

செப்டம்பர் 6
ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். தாளித்த ரசம்.

அக்டோபர் 4
கட்டைவிரல் நகம் அடியிலிருந்து கழன்று வருகிறது! பதறிப்போய் டாக்டருக்குப் போட்டோ அனுப்பினேன். இந்த நோய் வந்துபோன சில வாரத்தில் சில குழந்தைகளுக்கு இப்படி ஆகுமாம், தானே முளைத்துவிடும். குட்டி அந்த நகத்தைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறான். அத்தை வந்தால் காட்ட வேண்டுமாம்.