பாரன் எட்மோனின் வாழ்க்கை: பிரெஞ்சு வாய்மொழித் தேர்வுக்கு நான் தயாரான விதம்

எங்கள் பிரெஞ்சு பட்டயப் படிப்பின் வாய்மொழித் தேர்வில் ஒரு பிரமுகரின் வாழ்க்கையைப் பற்றிப் பேச வேண்டும். நான் எடுத்துக்கொண்டது வங்கியாளர் பாரன் எட்மோன் த ரோத்ஷில்ட் (1926–1997). பாரன் என்பது ஒரு பிரபுப் பட்டம்; பெண்ணுக்கு பாரனஸ். பிரபுக் குடும்பம், வங்கி, பாய்மரப் படகு என்று பேச நிறைய இருக்கிறது. இப்படிப்பட்ட தலைப்பை எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஆளைச் சரியாகப் பிடியுங்கள். அந்தக் குடும்பத்தில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். பாலஸ்தீனத்தில் யூதக் குடியேற்றங்களுக்குப் பணம் கொடுத்த எட்மோன் (1845–1934) இவருடைய தாத்தா. தாத்தா, அப்பா மொரிஸ், இவர், மகன் பெஞ்சமின் என்று ஒரு வம்சவரிசை போட்டு மேசைக்கு மேலே ஒட்டிவைத்தேன்.

1953இல் பாரிஸில் சொந்த நிதி நிறுவனம், 1961இல் கிளப் மெட் என்ற விடுமுறைச் சுற்றுலா நிறுவனத்தில் முதலீடு, 1973இல் ஷத்தோ கிளார்க் திராட்சைத் தோட்டம். இவற்றை வேகமாகச் சொல்லிக் கடந்துவிடலாம். நின்று பேச வேண்டியது படகுகளைப் பற்றித்தான். 1876இல் அந்தக் குடும்பத்து பாரனஸ் ஜூலி ஜெனீவா ஏரியில் ஓட்டிய நீராவிப் படகின் பெயர் ‘ஜிதானா’. எட்மோனும் அந்தப் பெயரை விடவில்லை. அவருடைய ஜிதானா 4, 1965இல் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தில் புதிய சாதனை படைத்தது. இங்கிலாந்தின் கௌஸ் துறையில் கிளம்பி, அயர்லாந்துக்குத் தெற்கே கலங்கரை விளக்கம் நிற்கும் பாறையைச் சுற்றிக்கொண்டு பிளிமத் வந்து சேர வேண்டும் என்பது அப்போதைய பாதை. 600 கடல் மைலுக்கு மேற்பட்ட தூரத்தை மூன்றரை நாளுக்குள் முடித்தார்கள். வரைபடத்தில் விரலை ஓட்டிக்கொண்டே இதைச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். கிளம்பினார்கள், சுற்றினார்கள், சேர்ந்தார்கள் என்று இறந்தகால வினைகள் தடங்கலில்லாமல் வர இதைவிட நல்ல பயிற்சி எனக்குக் கிடைக்கவில்லை.

“பணக்காரரின் பொழுதுபோக்குதானே?” என்ற கேள்வி கட்டாயம் வரும். பணம் இருந்ததை மறைக்க வேண்டாம். ஆனால் வெறும் பொழுதுபோக்கு அவரோடு முடிந்திருக்கும். மகன் பெஞ்சமின் 2000இல் ஜிதானா பந்தயக் குழுவைத் தொடங்கினார். 2017இல் இறக்கிய 32 மீட்டர் நீள ட்ரைமரானுக்கு (மூன்று உடல்கள் கொண்ட பாய்மரப் படகு) அப்பாவின் பெயரையே வைத்தார். வேகம் பிடித்தால் தண்ணீரை விட்டு மேலெழும்பிப் பறக்கிற படகு அது. பெஞ்சமின் 2021 ஜனவரியில் காலமானார். அதற்குப் பிறகும் குழு கலையவில்லை. 2022இல் குழுவின் படகோட்டி சார்ல் கோத்ரெலியே அதே படகைத் தனியாளாக ஓட்டி, பிரான்ஸின் சான் மாலோவிலிருந்து கரீபியன் தீவான குவாதலூப் வரையான ரூட் து ரம் பந்தயத்தை 7 நாளுக்குள் முடித்து வென்றார். இந்தப் பதிலை மட்டும் முழுதாக எழுதிப் பழகிக்கொண்டு போங்கள்.